நெஞ்சில் குத்திய பூ: வட அயர்லாந்தில் போர் நினைவும் பூசலும்

நவம்பர் பிறந்துவிட்டால் வட அயர்லாந்தில் ஒருவருடைய கோட்டைப் பார்த்தே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ஊகித்துவிடுவார்கள். மார்பில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ இருந்தால் அவர் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்ட். பூ இல்லாவிட்டால் பெரும்பாலும் கத்தோலிக்கர், அயர்லாந்து ஒரே நாடாக வேண்டும் என்பவர். ஈஸ்டர் சமயத்தில் இது தலைகீழாகும். அப்போது ஒரு வெள்ளை லில்லிப் பூ குடியரசுவாதிகளின் சட்டையில் ஏறும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த ஊகம் தவறிப்போகும் ஆட்களும் உண்டு. அவர்கள் கதையைச் சொல்லாமல் இந்தப் பூசலைச் சொல்ல முடியாது. ஏனென்றால் பூவைக் கண்டு ஒதுங்குகிற பல குடும்பங்களின் பாட்டன்மாரும் அந்தப் பூ நினைவுகூர்கிற போரில்தான் செத்தார்கள்.

பூவின் வரலாறு சிறியது. 1915 மே மாதம் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, நண்பனைப் புதைத்துவிட்டு வந்த கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மக்ரே கல்லறைகளுக்கு நடுவே பூத்த பாப்பிகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அது அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் இதழ் ஒன்றில் வெளியாகி உலகம் சுற்றியது. மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை 1918இல் அந்தப் பூவை அணிந்துகொண்டார். அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி துணியில் செய்த பூக்களோடு 1921இல் லண்டனுக்கு வந்தார். முன்னாள் படைவீரர்களுக்காக அதே ஆண்டு தொடங்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் லீஜன் அமைப்பு அந்த யோசனையைப் பற்றிக்கொண்டது. முதல் விற்பனையிலேயே 1,06,000 பவுண்டு சேர்ந்தது. கைகால் இழந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் அந்தப் பணம் போனது. லீஜனின் தலைவர் சோம் போர்க்களத்தில் தளபதியாக இருந்த டக்ளஸ் ஹெய்க். பூவின் நடுவிலிருந்த கறுப்புப் பொத்தானில் அவர் பெயரிலான நிதியின் பெயர் 1994 வரை பொறிக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாப்பி முதல் உலகப் போரோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் படைகள் அதற்குப் பிறகு ஈடுபட்ட எல்லா மோதல்களிலும் இறந்தவர்களுக்கும் அது உரியது என்பதே லீஜனின் நிலைப்பாடு. 1969 முதல் 2007 வரை வட அயர்லாந்தின் தெருக்களில் பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய நடவடிக்கையும் அந்தப் பட்டியலில் சேரும். பூசலின் வேர் இங்கே இருக்கிறது; மக்ரே பாடிய ஃபிளாண்டர்ஸ் வயல்களில் இல்லை.

1914இல் அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. போருக்குச் சென்ற அயர்லாந்துக்காரர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். ஒன்றுக்கொன்று நேர் எதிரான காரணங்களுக்காக அவர்கள் ஒரே சீருடையை மாட்டிக்கொண்டார்கள். வடக்கே தன்னாட்சி வேண்டாம் என்று 1912 செப்டம்பரில் உடன்படிக்கையில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டிருந்தார்கள். தேவைப்பட்டால் ஆயுதமேந்துவோம் என்று 1913இல் அல்ஸ்டர் தன்னார்வப் படையும் திரண்டது. போர் வந்ததும் அந்தப் படையினர் பலர் 36ஆவது அல்ஸ்டர் டிவிஷனாக பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் போனார்கள். பிரிட்டனுக்காக உயிர் கொடுத்தால் பிரிட்டன் தங்களைக் கைவிடாது என்பது அவர்கள் நம்பிக்கை. தெற்கே தேசியவாதத் தலைவர் ஜான் ரெட்மண்ட் 1914 செப்டம்பர் 20 அன்று உட்டன்பிரிட்ஜ் என்ற ஊரில் பேசும்போது தன் தொண்டர்களைப் போர்முனைக்குப் போகச் சொன்னார். தன்னாட்சிச் சட்டம் அப்போதுதான் நிறைவேறி, போர் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சிறிய நாடான பெல்ஜியத்துக்காகப் போரிட்டால் சிறிய நாடான அயர்லாந்துக்கும் நியாயம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை நம்பியவர்கள் 16ஆவது ஐரிஷ் டிவிஷனில் சேர்ந்தார்கள்.

1916 ஜூலை 1 காலை சோம் ஆற்றங்கரையில் 36ஆவது டிவிஷன் அகழியைவிட்டு ஏறியது. இரண்டு நாளில் சுமார் 5,500 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள்; அவர்களில் இறந்தவர்கள் சுமார் 2,000 பேர். ஒரே தெருவில் வளர்ந்த பையன்கள் ஒரே பட்டாளத்தில் இருந்ததால் பெல்ஃபாஸ்ட்டின் ஷாங்கில் பகுதியிலும் அல்ஸ்டர் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு இழவு விழுந்தது. அல்ஸ்டர் புராட்டஸ்டண்டுகளின் அரசியல் நினைவில் இதற்கு இணையான நாள் வேறில்லை. இரத்தத்தால் எழுதிக் கொடுத்த பத்திரம் போல அந்த நாளை அவர்கள் காத்துவருகிறார்கள். பெல்ஃபாஸ்ட் மாநகராட்சி மண்டபத்தின் நினைவுச்சின்னத்தில் இன்றும் ஜூலை 1ஆம் தேதி தனியாக அஞ்சலி நடக்கிறது.

அதே சோம் களத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் 16ஆவது டிவிஷன் கீமோன், கிஞ்சி என்ற இரு சிற்றூர்களைப் பிடித்தது. பத்து நாளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினராகவும் கவிஞராகவும் இருந்த டாம் கெட்டில் செப்டம்பர் 9 அன்று கிஞ்சியில் இறந்தார். ஆனால் இந்த மரணங்களைச் சுமந்து ஊர்வலம் போக ஊரில் ஆளில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்திருந்தது; மே மாதம் அதன் தலைவர்களை பிரிட்டிஷ் ராணுவம் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொன்றது. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் அயர்லாந்தின் மனம் திரும்பியது. போருக்கு வழியனுப்பிய ஊர், திரும்பி வந்தவனை எதிரியின் சீருடைக்காரனாகப் பார்த்தது.

பிரான்சிஸ் லெட்விட்ஜ் என்ற கவிஞர் இந்த இரட்டை வாழ்வைத் தன் உடம்பிலேயே சுமந்தவர். ஸ்லேன் கிராமத்துக்காரர், தேசியவாதி. பிரிட்டிஷ் சீருடையில் கலிபோலியில் போரிட்டார். துப்பாக்கி முனையில் முடிந்த டப்ளின் நண்பர்களுக்காக, குறிப்பாகத் தாமஸ் மக்டோனாவுக்காக, அந்தச் சீருடையிலேயே இரங்கற்பா எழுதினார். 1917 ஜூலை 31 அன்று ஈப்ர் அருகே குண்டு வெடித்து இறந்தார். எமட் டால்டன் கிஞ்சியில் கெட்டிலின் பக்கத்தில் நின்று போரிட்டவர். பிறகு அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் நெருங்கிய தோழராகி, காலின்ஸ் சுடப்பட்ட இடத்திலும் உடனிருந்தார். கார்க் மாவட்டத்தில் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கெரில்லாப் படை நடத்திய டாம் பாரி, மெசபடோமியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தபோதுதான் ஈஸ்டர் எழுச்சியைக் கேள்விப்பட்டார். 1917 ஜூனில் மெசீன் களத்தில் ஜான் ரெட்மண்டின் தம்பி வில்லி காயம்பட்டு விழுந்தபோது அவரைத் தூக்கிச் சென்றவர்கள் 36ஆவது டிவிஷனைச் சேர்ந்த அல்ஸ்டர்காரர்கள். இந்த மனிதர்களில் யாரையும் ஒற்றைப் பூவுக்குள் அடக்க முடியாது.

1921இல் நாடு பிரிந்தது. நினைவும் பிரிந்தது.

வடக்கில் பாப்பி அரசாங்கத்தின் பூவானது. தெற்கில் அதன் கதை நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது. 1920களின் டப்ளினில், முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று பல்லாயிரம் பேர் திரண்டு அஞ்சலி செலுத்தினார்கள். முன்னாள் வீரர்களும் பிள்ளையை இழந்த தாய்மாரும் அதில் இருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் யூனியன் ஜாக் கொடிகளும் பறந்தன, ஆங்கிலேய மன்னரின் கீதமும் ஒலித்தது. குடியரசுவாத இளைஞர்கள் கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள், மார்பிலிருந்த பாப்பிகளைப் பறித்தார்கள். பறிக்கவரும் கை கிழியட்டும் என்று பூவுக்குப் பின்னால் சவர பிளேடை மறைத்துவைத்தவர்களும் இருந்தார்கள் என்று டப்ளினில் சொல்வதுண்டு. துக்கத்துக்கும் ராஜபக்திக்கும் இடையே கோடு கிழிக்க அப்போது யாராலும் முடியவில்லை. இருந்தும் லிஃபி ஆற்றங்கரையின் ஐலண்ட்பிரிட்ஜில் ஒரு பெரிய நினைவுத் தோட்டம் எழுந்தது. அதை வடிவமைத்தவர் தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். கட்டட வேலைக்கு வைத்தவர்களில் பாதிப் பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள், பாதிப் பேர் ஐரிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் வேலை முடிந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது; திறப்பு விழா நடக்கவில்லை. தோட்டம் பல பத்தாண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. செப்பனிட்டு முறைப்படி அர்ப்பணித்தது 1988இல்தான்.

பாப்பிக்கு எதிர்ப்பூவாக வந்தது ஈஸ்டர் லில்லி. 1926இல் குமன் நா மான் என்ற குடியரசுவாதப் பெண்கள் அமைப்பு அதை அறிமுகப்படுத்தியது. 1916இல் இறந்தவர்களின் நினைவுக்கும், சிறையிலிருந்த குடியரசுவாதிகளின் குடும்பங்களுக்கும். காகிதப் பூ, தெரு விற்பனை, குறிப்பிட்ட நாள், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி: எதிராளியின் பூ எப்படி இயங்கியதோ அப்படியே இதுவும் இயங்கியது. எல்லைக்கு வடக்கே ஈஸ்டர் எழுச்சி நினைவு ஊர்வலங்களுக்கே 1930களில் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ்த் தடை இருந்தது. பின்னாளில் அந்த லில்லியே உட்கட்சிப் பிளவின் அடையாளமாகவும் ஆனது. 1969–70இல் குடியரசுவாத ஆயுத அமைப்பான ஐஆர்ஏ உடைந்தபோது ஒரு பிரிவினர் பசை தடவிய லில்லியை ஒட்டிக்கொண்டார்கள், மற்றவர்கள் ஊசியால் குத்திக்கொண்டார்கள். ஒட்டியவர்களுக்கு ‘ஸ்டிக்கீஸ்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

பாப்பிக்கு எதிராக வேறொரு பூ எழுந்த இன்னொரு நாடு இலங்கை. அங்கே பாப்பி விற்பனையில் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் வீரர்களுக்கே போனது. உள்ளூர் முன்னாள் வீரர்களுக்காக ஏலியன் பெரேரா 1931இல் சூரிய மலரை விற்கத் தொடங்கினார். சூரிய மலர் நம் ஊர்ப் பூவரசம்பூ. 1933இல் தென்கொழும்பு இளைஞர் கழகம் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கியது. தலைமை தாங்கியவர் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி. நவம்பர் 11 வந்தால் கொழும்புத் தெருக்களில் இரண்டு பூக்களும் எதிரெதிரே விற்றன. அந்த இளைஞர்கள்தான் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். பாப்பியை அணிய மறுப்பது காலனியாட்சிக்கு உட்பட்ட மக்களின் பழைய அரசியல் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அயர்லாந்துக்காரர்களின் தனிப் பிடிவாதம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. பிற்கால இலங்கையில் எந்த மரணங்களுக்கு எந்தப் பூவோடு அழலாம் என்ற கேள்வி என்னவாயிற்று என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வட அயர்லாந்துக்குத் திரும்புவோம். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் மகெனிஸ் என்ற கத்தோலிக்கர் இரண்டாம் உலகப் போரில் குட்டி நீர்மூழ்கியில் இருந்த முக்குளிப்பவர். 1945 ஜூலை 31 அன்று சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடைப்பட்ட நீரிணையில் ‘தகாவோ’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் குண்டு பொருத்தியவர். வட அயர்லாந்துக்காரர்களில் அந்தப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர் அவர் ஒருவரே. ஊர் மக்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஆனால் யூனியனிஸ்டுகள் கையிலிருந்த மாநகராட்சி அவருக்கு நகரத்தின் கௌரவக் குடியுரிமையைத் தரவில்லை. அவருடைய சொந்தச் சமூகத்திலும் பிரிட்டிஷ் பதக்கத்தைக் கொண்டாட ஆளில்லை. அவர் யார்க்‌ஷருக்குக் குடிபெயர்ந்து 1986இல் இறந்தார். மாநகராட்சி மண்டபத்தில் அவருக்குச் சின்னம் எழுந்தது 1999இல். போர் நினைவு என்பது வீரத்துக்குச் செலுத்தும் மரியாதை மட்டும்தான் என்று சொல்பவர்கள் மகெனிஸுக்கு நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மரியாதை அன்றைக்கே ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சொந்தமாகிவிட்டிருந்தது.

1960களின் இறுதியில் தொடங்கி முப்பது ஆண்டு நீடித்த மோதலில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பான்மையோரைக் கொன்றவை குடியரசுவாத ஆயுதக் குழுக்களும் பிரிட்டன் பக்கம் நின்ற லாயலிச ஆயுதக் குழுக்களும். அரசுப் படைகளின் கையில் இறந்தவர்கள் சுமார் 360 பேர். 1971 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட்டின் பாலிமர்ஃபியில் பத்துப் பேர். 1972 ஜனவரி 30 ஞாயிற்றுக்கிழமை டெரி நகரில் பதின்மூன்று பேர், காயம்பட்டுப் பிறகு இறந்த இன்னொருவர். டெரியில் சுட்டது பாராசூட் ரெஜிமெண்ட். சுடப்பட்டவர்கள் நிரபராதிகள் என்று சேவில் விசாரணை அறிக்கை சொல்ல 2010 வரை ஆயிற்று. பாலிமர்ஃபியில் இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 2021இல்தான் வந்தது. இந்த ஊர்களில் வளர்ந்த ஒருவருக்கு பிரிட்டிஷ் படையினர் எல்லோருக்குமான பூ எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, 1966இல் மீண்டும் அல்ஸ்டர் தன்னார்வப் படை என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு கத்தோலிக்கர்களைக் கொன்ற ஆயுதக் குழு, தன் சுவரோவியங்களில் சோம் வீரர்களையும் பாப்பிகளையும் வரைந்து வைத்தது.

மறுபக்கத்தையும் அதே அளவு உற்றுப் பார்க்க வேண்டும். ஃபெர்மனா போன்ற எல்லைப்புற மாவட்டங்களில் புராட்டஸ்டண்ட் குடியானவர்கள் பகலில் மாடு மேய்த்து இரவில் அல்ஸ்டர் பாதுகாப்பு ரெஜிமெண்டில் பகுதிநேரப் பணி பார்த்தார்கள். தோட்டத்தில், மாட்டுக்கொட்டகையில், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வழியில் அவர்கள் சுடப்பட்டார்கள். அந்த ரெஜிமெண்டில் சுமார் 200 பேரும் காவல்துறையில் சுமார் 300 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த வீடுகளில் பாப்பி என்றால் பேரரசு நினைவுக்கு வருவதில்லை; அப்பா நினைவுக்கு வருகிறார்.

அந்த மாவட்டத்தின் தலைநகர்தான் என்னிஸ்கில்லன். 1987 நவம்பர் 8, நினைவு ஞாயிறு. போர் நினைவுச்சின்னத்தின் பக்கத்துக் கட்டடத்தில் ஐஆர்ஏ வைத்த குண்டு, அணிவகுப்பு வந்து சேருவதற்கு முன் வெடித்தது. சுவர் சரிந்தது அஞ்சலிக்காகக் காத்து நின்ற குடும்பங்கள்மீது. பதினொருவர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். காயம்பட்டவர்கள் அறுபதுக்கும் மேல். பன்னிரண்டாவது ஆள், பள்ளித் தலைமையாசிரியர் ரோனி ஹில், பதின்மூன்று ஆண்டு நினைவு திரும்பாமலே கிடந்து 2000 டிசம்பரில் இறந்தார். அதே காலையில் டல்லிஹாமன் என்ற இன்னொரு ஊரில், சிறுவர் சிறுமியர் படையணிகள் கூடும் இடத்தில், இதைவிடப் பெரிய குண்டு வைக்கப்பட்டிருந்தது. அது வெடிக்கவில்லை.

இடிபாடுகளுக்குள் மகளின் கையைப் பிடித்தபடி கிடந்த கார்டன் வில்சன், அன்று மாலையே பிபிசியிடம் தனக்கு யார்மீதும் வன்மம் இல்லை என்றார். அவர் மகள் மேரி, இருபது வயது நர்ஸ், இறந்துபோயிருந்தார். வில்சனின் பேச்சு பதிலடிக் கொலைகளைத் தடுத்தது என்று சொல்வார்கள். ஆனால் அவருடைய மன்னிப்பை வைத்து மற்ற குடும்பங்களின் கோபத்தை அளக்கக் கூடாது. இந்தக் குண்டுவெடிப்புக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அஞ்சலி மீண்டும் நடந்தது. 1991இல் நினைவுச்சின்னத்தைச் சுற்றிப் பதினோரு வெண்கலப் புறாக்களைச் சேர்த்தார்கள். இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த நின்றதற்காகவே கொல்லப்பட்ட மக்கள் அவர்கள். பாப்பியைக் குறை சொல்லும் எந்த வாதமும் என்னிஸ்கில்லனின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பேன்.

அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வாதம் இருக்கிறது. கால்பந்து ஆட்டக்காரர் ஜேம்ஸ் மக்ளீன் டெரியின் கிரெகன் பகுதியில் பிறந்தவர். 1972இல் சுடப்பட்டவர்களில் ஆறு பேர் அந்தப் பகுதிக்காரர்கள். 2012இல் சண்டர்லண்ட் அணிக்கு ஆடியபோது பாப்பி பொறித்த சட்டையை அணிய மறுத்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. 2014இல் விகன் அணியில் இருந்தபோது கழகத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் வெளியிடப்பட்டது. இரு உலகப் போர்களில் இறந்தவர்களைத் தான் மதிப்பதாகவும் அவர்களில் பலர் அயர்லாந்துக்காரர்கள் என்றும் அதில் சொன்னார். பூ அவர்களுக்கு மட்டுமானதாக இருந்திருந்தால் தயங்காமல் அணிந்திருப்பேன் என்றார். பிறகு வந்த போர்களும் அதில் அடங்குவதால், தன் ஊரின் இறந்தவர்களுக்கு முன்னால் அதை அணிந்து நிற்க முடியாது என்றார். வசவு இல்லை, முழக்கம் இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபின் அவரை இறந்தவர்களை அவமதித்தவர் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. இருந்தும் அடுத்தடுத்த அணிகளில், அடுத்தடுத்த நவம்பர்களில், பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. 2018இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் நெமன்யா மாடிச்சும் பாப்பிச் சட்டையைத் தவிர்த்தார். 1999இல் பிரிட்டனும் பங்கேற்ற நேட்டோ தாக்குதலில் செர்பியாவில் அவருடைய கிராமத்தின்மீது குண்டு விழுந்தபோது அவருக்குப் பத்து வயது.

இதில் ஒரு நுட்பமான மாற்றம் நடந்திருப்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். தெருவில் உண்டியலோடு நிற்பவரிடம் காசு போட்டுப் பூ வாங்கிய காலத்தில், வாங்காமல் போனவர் எதையும் அறிவிக்கவில்லை. சில்லறை இல்லாதவராக இருக்கலாம், பூவை எங்கோ தொலைத்தவராக இருக்கலாம். 2000களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் பூவைச் சட்டையிலேயே பதித்துத் தரத் தொடங்கின. அப்போதிலிருந்து அணியாதவர் தனியாக வேறு சட்டை கேட்டு வாங்க வேண்டும். அதாவது பேசாமல் இருக்கும் வாய்ப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மக்ளீன் போய்ச் சண்டை தேடவில்லை. சண்டையை மடித்து இஸ்திரி போட்டு அவருடைய அலமாரியில் வைத்தார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், பாப்பி அணிவது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தினால் அதன் பொருளே கெடும் என்று லீஜனே தெளிவாகச் சொல்லிவருகிறது. பூவின் சொந்தக்காரர்களைவிடப் பூவின் காவலர்கள் கடுமையாகிவிட்டார்கள்.

2016இல் ஃபிஃபா அமைப்பு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு சங்கங்களுக்கும் ஆட்டத்தில் பாப்பியைப் பயன்படுத்தியதற்காக அபராதம் விதித்தது. அரசியல் சின்னம் கூடாது என்பது விதி. பிரிட்டனில் பெரும் கொந்தளிப்பு. அதே காலத்தில் அயர்லாந்துக் குடியரசின் சங்கத்துக்கும், ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுச் சின்னத்தைச் சட்டையில் பொறித்ததற்காக அபராதம் விழுந்தது. ஒரு சின்னத்துக்காகக் கொதித்தவர்களில் மற்றதற்காகக் கொதித்தவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு ஃபிஃபா விதியைத் தளர்த்தி, எதிரணியும் போட்டி நடத்துவோரும் ஒப்புக்கொண்டால் இத்தகைய சின்னங்களை அணியலாம் என்றது.

வட அயர்லாந்தின் வேலைத்தலங்களில் இந்தச் சிக்கலைச் சட்டம் நேரடியாகச் சந்தித்தது. 1989ஆம் ஆண்டின் நியாயமான வேலைவாய்ப்புச் சட்டத்தை ஒட்டிய நெறிமுறை, ஒரு தரப்பினரைப் புண்படுத்தக்கூடிய அல்லது அச்சுறுத்தக்கூடிய கொடிகளையும் சின்னங்களையும் தொழிற்சாலைகளிலிருந்து விலக்கச் சொன்னது. கப்பல் கட்டும் தளங்களில் 1920இலேயே ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் அடித்து விரட்டப்பட்ட நகரம் பெல்ஃபாஸ்ட். இந்த எச்சரிக்கை தேவையானதுதான். சமத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதலோ, உரிய காலத்தில் மரியாதையோடு அணியும் பாப்பியை அந்த மோதலோடு நேரடித் தொடர்பில்லாத சின்னங்களின் வரிசையில் வைக்கிறது. லில்லிக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை. ஸ்டோர்மண்ட் சட்டமன்ற மண்டபத்தில் ஈஸ்டர் லில்லிகளைக் காட்சிக்கு வைக்கலாமா என்பதற்காக 2001 ஏப்ரலில் அவையையே கூட்டி விவாதித்தார்கள். ஆணையத்தின் பிரிவினை நடைமுறைக்கு உதவக்கூடியது, வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டு பூக்களுமே இறந்தவர்களுக்காகப் பிறந்தவை, இரண்டுமே ஆயுதமேந்தியவர்களால் கைப்பற்றப்பட்டவை. ஒருவர் அமைதியாகச் சட்டையில் அணிவதை அனுமதிக்கலாம் என்றால் இரண்டையும் அனுமதிக்க வேண்டும். கம்பத்தில் கட்டி எதிராளியின் தெருவில் நடுவதைத் தடுக்க வேண்டும் என்றால் இரண்டையும் தடுக்க வேண்டும்.

புதிய பூக்களைப் படைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கூட்டுறவுப் பெண்கள் சங்கம் 1933இல் கொண்டுவந்த வெள்ளைப் பாப்பி, எல்லாப் போர்களிலும் இறந்த எல்லோருக்குமானது. போர் எதிர்ப்பாளர்கள் இன்றும் அணிகிறார்கள். பின்னாளில் லீஜனின் அயர்லாந்துக் கிளை, ஷாம்ராக் இலைமேல் பாப்பியை வைத்து ஒரு சின்னம் செய்தது. 2017 நவம்பரில் அயர்லாந்தின் அப்போதைய பிரதமர் லியோ வரட்கர் அதை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் புதுப் பூ புது வாதத்தையே கொண்டுவருகிறது. சிவப்பை அணிபவர் வெள்ளையைக் கண்டனமாகவும், லில்லியை அணிபவர் ஷாம்ராக் பாப்பியைச் சரணடைதலாகவும் படித்தார்கள்.

உண்மையில் பனியை உருக்கியவை வேறு செயல்கள். 1998 நவம்பர் 11 அன்று மெசீனில் அயர்லாந்துத் தீவின் அமைதிப் பூங்காவை அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மக்அலீஸும் எலிசபெத் ராணியும் பெல்ஜிய மன்னரோடு சேர்ந்து திறந்தார்கள். தெற்கின் அரசியல்வாதி பாடி ஹார்ட்டும் வடக்கின் முன்னாள் லாயலிசத் தலைவர் கிளென் பாரும் சேர்ந்து முன்னெடுத்த பணி அது. 2002 ஜூலை 1 அன்று குடியரசுவாதக் கட்சியான சின் ஃபெய்னின் முதல் பெல்ஃபாஸ்ட் மேயர் அலெக்ஸ் மாஸ்கி, அதிகாரபூர்வச் சடங்குக்கு முன்னால் தனியே வந்து நினைவுச்சின்னத்தில் லாரல் இலை வளையம் வைத்தார். பாப்பி வளையம் இல்லை, வெறும் பச்சை இலை. 2011 மே மாதம் ராணி டப்ளின் வந்து முதல் நாள் அயர்லாந்து விடுதலைக்காக இறந்தவர்களின் தோட்டத்திலும் மறுநாள் ஐலண்ட்பிரிட்ஜிலும் தலை வணங்கினார். 2012இல் அயர்லாந்தின் அப்போதைய பிரதமர் எண்டா கென்னி என்னிஸ்கில்லனுக்கே வந்து அதே லாரல் வளையத்தை வைத்தார். 2013இல் சின் ஃபெய்ன் மேயர் மார்ட்டின் ஓ முலோர் நவம்பர் 11 நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். 2024 நவம்பர் 10 அன்று வட அயர்லாந்தின் முதலமைச்சர் மிஷெல் ஓ’நீல் பெல்ஃபாஸ்ட்டின் நினைவு ஞாயிறு அஞ்சலிக்கு வந்து லாரல் வளையம் வைத்தார். அவர் சட்டையில் பாப்பி இல்லை.

இந்த வரிசையில் எனக்குப் படும் உண்மை இதுதான்: யாரும் எதிராளியின் பூவை அணிந்துகொள்ளவில்லை, எதிராளியின் துக்கத்தின் முன் வந்து நின்றார்கள். பூவைப் பிடித்துத் தொங்கிய வரை நகராத வண்டி, வந்து நிற்பதே போதும் என்றதும் நகர்ந்தது. ஓ’நீல் வந்ததை எல்லோரும் வரவேற்கவில்லை. ஐஆர்ஏ நினைவுக் கூட்டங்களுக்கும் போகிறவர் இங்கே வந்து நிற்பது எப்படி நியாயம் என்று ஐஆர்ஏவால் குடும்பத்தாரை இழந்த சிலர் கேட்டார்கள். பிரிட்டிஷ் படையால் கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் சிலர், எங்கள் பிள்ளைகளைச் சுட்டவர்களுக்கா வளையம் என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை. அவற்றுக்கு மலர்வளையம் பதிலாகாது. கொலைகளைப் பற்றிய உண்மையும் விசாரணையும்தான் பதில். டெரி குடும்பங்கள் முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்தன. என்னிஸ்கில்லன் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. நீதி வராத இடத்தில் மக்கள் தங்கள் இறந்தவர்களுக்குச் செய்யக்கூடியதெல்லாம் ஒரு பூவைக் குத்திக்கொள்வதோ குத்த மறுப்பதோ மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏறியது அதனால்தான்.

ஆகவே பூவைத் தடை செய்யக் கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, எல்லோர் மார்பிலும் பூவைப் பார்க்க விரும்புபவர்களோடும் உடன்பாடில்லை. கால்பந்துக் கழகங்கள் பாப்பியைச் சட்டையில் பதிப்பதை நிறுத்த வேண்டும். ஆட்டக்காரர்கள் உள்ளே வரும் வழியில் பூக்கூடையும் உண்டியலும் வைக்கட்டும். விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும், விரும்பாதவரிடம் யாரும் காரணம் கேட்க வேண்டாம். தொலைக்காட்சி நிலையங்களும் அலுவலகங்களும் இதையே செய்யலாம். லில்லிக்கும் இதே விதி பொருந்தட்டும். வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட் தலைவர்கள் ஐலண்ட்பிரிட்ஜுக்குப் போவதோடு நிற்காமல் பாலிமர்ஃபிக்கும் கிரெகனுக்கும் போய், கையில் எந்தப் பூவும் இல்லாமல் சற்று நேரம் நிற்க வேண்டும். சின் ஃபெய்ன் தலைவர்கள் என்னிஸ்கில்லன் குடும்பங்களுக்கு, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும்.